சாங்ஷன்னா அனுமதியா, தடையா? யாராவது சொல்லுங்களேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கேன். நேத்து ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டேன்: சாங்ஷன்.

வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதான். "லோன் சாங்ஷன் ஆயிடுச்சா?"ன்னு அப்பா கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். லீவு சாங்ஷன், போஸ்ட் சாங்ஷன், எல்லாமே ஒப்புதல்தான். ஆனா மாக் டெஸ்ட்ல வந்த பத்தியில, 1990-ல குவைத்துக்குள்ள புகுந்த ஈராக் மேல ஐ.நா. பாதுகாப்பு சபை சாங்ஷன்ஸ் போட்டதுன்னு இருந்துச்சு. ஏதோ நிதி ஒதுக்கியிருக்காங்கன்னு நினைச்சு டிக் பண்ணிட்டேன். நெகட்டிவ் மார்க் வேற!

டிக்‌ஷனரியில ரெண்டு அர்த்தமும் இருக்கு. சட்டமாக்கி உறுதிப்படுத்துறதைச் சொல்ற லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததாம். சட்டம்னா அனுமதியும் இருக்கும், மீறினா தண்டனையும் இருக்கும், அது புரியுது. பன்மையில வந்தா பெரும்பாலும் தடைன்னும் பிடிபட்டுடுச்சு.

வினைச்சொல்லா வரும்போதுதான் தலை சுத்துது. லோனை சாங்ஷன் பண்ணா ஒப்புதல், ஒரு நாட்டை சாங்ஷன் பண்ணா தண்டனை. அப்போ சாங்ஷன் பண்றது ஒரு விஷயத்தையா, இல்ல ஒரு ஆளையோ நாட்டையோவான்னு பார்த்தாலே போதுமா? விதிவிலக்கு இருந்தா உதாரண வாக்கியத்தோட போடுங்க. ஞாயித்துக்கிழமை பிரிலிம்ஸ்.