தேக்குப் பலகையில் வார்னிஷ் உலரவில்லை, என்ன செய்யலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். தேக்குப் பலகை ஒன்றை இழைப்புளியால் இழைத்து, 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் ரேகையின் போக்கிலேயே தேய்த்து, எண்ணெய் வார்னிஷை மெல்லிய பூச்சாக அடித்தேன். நான்கு நாட்களாகியும் விரல் வைத்தால் தடம் பதியும் அளவுக்குப் பிசுபிசுக்கிறது. அதே டப்பாவிலிருந்து மாமரத் துண்டில் பூசியது மறுநாளே காய்ந்துவிட்டதால், தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையே உலர்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறேன். பூசுமுன் தின்னரால் துடைக்காமல் விட்டது என் அவசரம்தான். இப்போது முழுவதையும் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷை ஒரு கை அடித்தபின் வார்னிஷ் பூசலாமா, அல்லது காற்றோட்டத்தில் இன்னும் சில நாட்கள் விட்டால் தானாகவே இறுகுமா? துடைத்த எவ்வளவு நேரத்துக்குள் முதல் பூச்சை அடிக்க வேண்டும் என்பதையும், தேக்கில் கை பழகியவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.