லைக்கன் உருவாக மூன்றாவது ஆள் கட்டாயமா?

பொதிகைச்சாரல்:
பூஞ்சையும் பாசியும் சேர்ந்தால், பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன் என்று 1860களின் கடைசியில் தாவரவியலாளர் ஷ்வென்டனர் சொன்னது பாதிதான். 2016-ல் ஸ்ப்ரிபில் என்ற ஆய்வாளரின் குழு, பிரையோரியா போன்ற லைக்கன்களின் புறணியில், அதாவது வெளி அடுக்கில், பசிடியோமைசீட் ஈஸ்ட் என்ற இன்னொரு பூஞ்சையைக் காட்டியது. ஆய்வகத்தில் இரண்டை மட்டும் சேர்க்கும்போது முழு உடல் அமையாததற்கு அது இல்லாததுதான் காரணம்.

கடனாநதி:
அண்ணாச்சி, ஒத்துக்க மாட்டேன். 2019-ல் 339 இனங்களின் மரபணுத் தரவைத் துழாவினாங்க; மிகச் சிலவற்றில்தான் அந்த ஈஸ்ட் சிக்கியது. குற்றாலத்து மாமரப் பட்டையில் கறுப்பாக் கிறுக்கி வச்ச மாதிரி இருக்குமே கிராஃபிஸ், அதை பிளேடால் லேசாச் சுரண்டுங்க. உள்ளே ட்ரென்டிபோலியா பாசி இருக்கும், தடித்த புறணி இருக்காது. அந்த ஈஸ்ட் எங்கே குடியிருக்கும்? லைக்கன் வாழ்க்கை பூஞ்சைக் குலத்தில் பல தடவை தனித்தனியாத் தோன்றியதுன்னு 1995-லேயே டிஎன்ஏ காட்டிருச்சு. எல்லாத்துக்கும் ஒரே மூன்றாவது ஆள்னா எப்படி?

உடல் அமையாததற்கு முதல் காரணம் ஊடகம், அதாவது வளர்க்கிற சத்துக் கூழ். மால்ட் சர்க்கரை தாராளமாக் கிடைச்சா பூஞ்சை பாசியைச் சீண்டாது. சத்துக் குறைந்த ஊடகத்தில் வச்சு, நனைச்சு, உலரவிட்டு, மறுபடி நனைக்கணும். அமாட்ஜியன் என்ற ஆய்வாளர் கிளடோனியா லைக்கனின் பூஞ்சையையும் ட்ரெபூக்சியா பாசியையும் தனித்தனியா வளர்த்துச் சேர்த்தே செதில் உடல் கொண்டுவந்தார்.

பொதிகைச்சாரல்:
அமாட்ஜியன் வளர்த்த தட்டில் ஈஸ்ட் இல்லை என்று அன்றைக்கு யார் தேடினார்கள்?

கடனாநதி:
நியாயமான கேள்வி. லைக்கனிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்த முறையைப் பொறுத்தது அது. யமமோட்டோ முறையில் உடலை அரைச்சு, 500 மைக்ரான் சல்லடையில் வடிச்சு, 150 மைக்ரானில் தங்கும் துணுக்கை எடுப்பாங்க. ஈஸ்ட்டும் ஒட்டிக்கிட்டு வரலாம். பூஞ்சையின் வித்திலிருந்து (ஸ்போர்) வளர்க்கிற முறைதான் நம்பகம். வித்து உண்டாகும் கனியுடலை நீரில் ஊறவச்சு, ஈரம் ஒற்றி, வாசலினால் கீழ்மூடியில் ஒட்டி, அகர் தட்டை மேலே கவிழ்க்கணும். வித்து மேல்நோக்கிப் பீய்ச்சி அகரில் ஒட்டும், தூசி விழாது. முளைத்த ஒற்றை வித்தை மட்டும் மாற்றணும்.

மாஞ்சோலைமேகம்:
மூன்று தட்டு வைங்க: ஒன்றில் பூஞ்சையும் பாசியும் மட்டும்; இரண்டாவதில் அவற்றோடு உயிருள்ள ஈஸ்ட்; மூன்றாவதில் அவற்றோடு சூட்டில் கொன்ற ஈஸ்ட். மூன்றாவதை விட்டுட்டா, ஈஸ்ட் உணவா உதவியதா, கூட்டாளியாவா என்று பிரிக்க முடியாது. மாதிரியைக் காகிதப் பையில் எடுங்க, பாலிதீனில் பூசணம் பிடிக்கும். மசாலாவுக்கு விற்கிற கடைக் கல்பாசியும் லைக்கன்தான், ஆனா உதவாது, பாசி செத்திருக்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பட்டையைத் தொடாதீங்க.

பொதிகைச்சாரல்:
செத்த ஈஸ்ட் தட்டை ஏற்கிறேன். ஆனால் கிராஃபிஸில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புறணி உள்ள பார்மோட்ரீமா என்ற இலைவடிவ லைக்கனில் வையுங்கள். மாதங்கள் ஆகும். குறுக்குவெட்டு எடுத்து, புறணி எந்தத் தட்டில் வந்தது என்று பார்ப்போம்.