கூட்டுப்பட்டாவை உட்பிரிவு செய்து தனிப்பட்டா கொடுத்துவிட்டார்கள், எங்களை விசாரிக்கவே இல்லை

கரிசல்மண்:
தாத்தா கிரயம் வாங்கிய நஞ்சை, 2 ஏக்கர் 40 சென்ட். பட்டா அப்பா, பெரியப்பா இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தது. அப்பா காலமாகிவிட்டார், பட்டாவில் பெயர் மாற்றவில்லை. இப்போது சிட்டா எடுத்தால் ரோட்டை ஒட்டிய 1 ஏக்கர் 20 சென்ட் புது உட்பிரிவு எண்ணில் பெரியப்பா மகன் பெயரில் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் கேட்டால், "அப்பா பேருக்கு நோட்டீஸ் போயாச்சு, இனி கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

வரப்புக்கல்:
இருக்கிறது. தமிழ்நாடு பட்டா பாஸ்புக் சட்டம் 1983, பிரிவு 10-ன்படி பதிவை மாற்றுமுன் சம்பந்தப்பட்டவர்கள் சொல்வதைத் தாசில்தார் கேட்டாக வேண்டும். இறந்தவர் பெயருக்குப் போன நோட்டீஸ் நோட்டீஸே ஆகாது, வாரிசுகளுக்கு வந்திருக்க வேண்டும். மேல்முறையீட்டில் உங்கள் முதல் காரணம் இதுதான்.

ஆனால் அவசரப்பட்டு மனு எழுதாதீர்கள். முதலில் அந்தக் கோப்பு முழுவதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: விண்ணப்பம், விஏஓ அறிக்கை, சர்வேயர் வரைபடம், நோட்டீஸும் அது உரியவர் கையில் சேர்க்கப்பட்டதற்கான (சார்வு) அத்தாட்சியும், கடைசியாகத் தாசில்தார் ஆணை. அவர்கள் எந்த ஆவணத்தை நம்பினார்கள் என்று தெரியாமல் போட்ட மனு வெறும் புகாராகவே நின்றுவிடும்.

பிறகு பட்டா பாஸ்புக் சட்டம் பிரிவு 12-ல் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு. அங்கே தோற்றால் பிரிவு 13-ல் டிஆர்ஓவிடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. ஆணை எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதை மனுவிலேயே எழுதி, தாமத மன்னிப்பு மனுவையும் இணையுங்கள்.

பத்திரஎழுத்து:
கோப்பில் கூர்சீட்டு, அதாவது குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு, ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட கேஸ்களில் அதுதான் அடிக்கடி வெளியே வரும். அந்தச் சீட்டே பாகத்தைப் பிரித்துக் கொடுப்பதாக எழுதியிருந்து, சொத்து 100 ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால், பதிவு கட்டாயம். ஏற்கெனவே வாய்மொழியாக நடந்த பாகத்தைப் பின்னால் குறித்து வைத்தோம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். எனவே வாசகத்தை வரி வரியாகப் படியுங்கள். அப்பா கையெழுத்தையும் தேதியையும் இறப்புச் சான்றோடு ஒப்பிடுங்கள்.

கரிசல்மண்:
நன்றி ஐயா. ஆர்டிஓ ரத்து செய்தால் நிலம் பழையபடி ஆகிவிடுமா?

வரப்புக்கல்:
பதிவு பழையபடி ஆகும், அவ்வளவுதான். பெரும்பாலும் மறுவிசாரணைக்குத் தாசில்தாரிடமே திருப்பி அனுப்புவார்கள். அந்த விசாரணைக்கு வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எடுத்துப் போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். கோப்பில் ஏறாத பேச்சுக்கு அடுத்த மேல்முறையீட்டில் மதிப்பே இல்லை.

நீதிப்படி:
பட்டா உரிமை ஆவணம் அல்ல. பாகத்தை முடிவு செய்வது சிவில் கோர்ட்தான், பாகப்பிரிவினை வழக்கை மேல்முறையீட்டோடு சேர்த்தே யோசியுங்கள். வழக்கு நடக்கும்போது அவர் விற்றாலும், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்.

ஒன்று கேட்கிறேன்: உங்களுக்கு அத்தைகள் உண்டா? தாத்தாவின் சுயசம்பாத்தியம், உயில் எழுதாமல் 1956-க்குப் பிறகு இறந்தார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8-ல் மகள்களுக்கும் சம பங்கு. அவர்களை விட்டுவிட்டு வழக்குப் போட்டால் அவசியமான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்ற குறையிலேயே வழக்கு விழும். உங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்று வாதாடப்போகும் நீங்கள், அத்தைகளை விட்டுவிடக் கூடாது.

பிராதில் (வழக்கு மனுவில்) "எங்களுக்கு அனுபவமே இல்லை", அதாவது நிலம் எங்கள் கைவசமே இல்லை, என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கூட்டு உரிமையாளரின் அனுபவம் எல்லோருக்குமானது என்பதே சட்டத்தின் அனுமானம். கூட்டு அனுபவம் என்றால் நீதிமன்றக் கட்டணச் சட்டம் பிரிவு 37(2)-ல் நிலத்தின் மதிப்பைப் பொறுத்திராத சிறு நிலைக்கட்டணம் போதும். வெளியேற்றப்பட்டதாக எழுதினால் 37(1)-ல் உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

கரிசல்மண்:
இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள். அவர்களிடமும் பேசிவிட்டு, முதலில் கோப்புக்கு மனுப் போடுகிறேன்.