புதுப்பிப்பு: ‘லோக்கல் வுமன் மிஸ்ஸிங்’ காலக் குழப்பம் தீர்ந்தது

மேரி குபிகாவின் இந்த 2021 மர்ம நாவலில் யார் எப்போது காணாமல் போனார்கள் என்றே பிடிபடவில்லை, பாதியில் நிற்கிறேன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முடித்துவிட்டேன்.

கைகொடுத்தது, அத்தியாயத் தலைப்பைத் துண்டுத்தாளில் குறித்து வையுங்கள் என்ற யோசனைதான். மெரிடித், கேட், லியோ, டிலைலா என நால்வர் கதை சொல்கிறார்கள். பெயரோடு ‘11 ஆண்டுகளுக்கு முன்’ என்றோ ‘இப்போது’ என்றோ தெளிவாகவே இருக்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறேன். ஒருவர் குரலை மட்டும் தொடர்ந்து படிக்கும் யோசனை சரிவராது, முடிச்சு முன்னாலேயே அவிழ்ந்துவிடும்.

எதிர்பாராதது லியோ. அக்கா டிலைலாவை ‘நீ’ என்று கூப்பிட்டே முழுக்கப் பேசுகிறான். அந்தப் பக்கங்களில் மர்மத்தையே மறந்துவிட்டேன், மனசு அவ்வளவு கனத்துப்போனது.