மறுமொழி: லிப்ட் செயர் – எழும்புகதிரை எண்டு வெச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். லிப்ட் செயர், அதுதான் இருக்கிற ஆள் எழும்பி நிக்க உதவுற கதிரை, அதுக்குத் தமிழ்ல என்ன பேர் வெக்கலாம் எண்ட கதைக்கு என்ட மறுமொழி இது.

> மின்தூக்கு நாற்காலி என்றே வைத்துவிடலாம், பொருள் தெளிவாக இருக்கிறது.

கோயம்புத்தூர் ஐயா, கோவிக்காதீங்க, இந்தச் சொல் எனக்கு ஒத்துவரல்ல. தூக்கு எண்டா நம்மட ஆக்களுக்கு முதல்ல வேற நினைப்புத்தான் வரும், வயசான ஒராள் நாள் முழுக்க இருக்கிற கதிரைக்கு அந்தப் பேர வெக்க மனசு வராது. அதவிட முக்கியம், இந்தக் கதிரை ஆளத் தூக்கிறதே இல்ல.

வீட்டில பாத்ததச் சொல்றன். நாங்க இலங்கையில, மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி. அம்மாவுக்கு 79, ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. முந்தி அவ இருந்தது அப்பாட சாய்மனைக் கதிரையில, அது பதிஞ்ச, உயரம் குறைஞ்ச கதிரை, பதிவா இருந்தா முழங்கால் கூட மடங்கும், எழும்புறது இன்னும் கஷ்டம். விளிம்புக்கு அரக்கி அரக்கி வந்து, ஜன்னல் கம்பியப் பிடிச்சு, முருகா எண்டு ஒருக்கா உன்னுவா, மறுகா ஒருக்கா, மூணாந்தரமும் ஏலாட்டி என்னப் பாப்பா. கூப்பிடமாட்டா, பாப்பா. அந்தப் பார்வைக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதக் குறைச்சவ, குடிச்சா பாத்ரூமுக்கு எழும்பணுமே.

இப்ப டொரோண்டோவில இருந்து மச்சான் அனுப்பின கதிரை இரிக்கு (அங்க 120 வோல்ட், நம்மட 230, ட்ரான்ஸ்போமர் இல்லாமக் குத்திராதீங்க). பட்டன அமத்தினா பின்பக்கம் மெதுவா உயரும், முன்விளிம்பு கீழ சரியும், பாதம் நிலத்தில அப்படியே பதிஞ்சிருக்கும். ஒரு கட்டத்தில பாரம் அவட குதிக்காலுக்கு வந்திரும், குதிக்கால் ரெண்டும் சப்பளிஞ்சு அகலுறத நான் குனிஞ்சு பாத்திருக்கன். அதுக்குப் பிறகு முழங்கால நிமித்திறது அவதான். தலை சுத்தும் எண்டு ரெண்டு நிமிசம் கைப்பிடியப் பிடிச்சிட்டு நிண்டுதான் அடி எடுத்து வெப்பா. காலூண்டி நிக்கவே ஏலாத ஆளெண்டா இது முன்னுக்குச் சறுக்கி விழுத்திப்போடும். அமெரிக்காவில வயசானாக்களுக்கு இரிக்கிற அரசாங்க மருத்துவக் காப்புறுதி மெடிக்கேர் கூட, எழும்பி நிண்டா நடக்க ஏலும் எண்ட ஆளுக்குத்தான் காசு குடுக்கும், அதுவும் எழுப்புற பொறிக்கு மட்டும், கதிரைக்குக் குடுக்காது. ஆக பாதி வேலை ஆள்ற வேலை. சொல்லில அது தெரியணும்.

"மின்" எண்ட முன்னொட்டும் தேவையில்ல, கரண்டே இல்லாம ஸ்பிரிங்கில எழுப்புற இருக்கையும் இரிக்கு. 2022 பங்குனியில 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணினாங்களே, அப்பிடி ஒரு நாள் வந்தா பேட்டரி இல்லாத கதிரையில சாஞ்சு கிடக்கிற ஆள் அப்பிடியே கிடக்க வேண்டியதுதான், வாங்கிறவங்க பேட்டரி இரிக்கா எண்டு கேட்டு வாங்குங்க.

நாற்காலியா கதிரையா எண்ட கதைக்கு நான் கனக்க வரல்ல. 1628ல மட்டக்களப்பில கோட்டை கட்டின போர்த்துக்கேயர்ற சொல்தான் கதிரை, இப்ப அது நம்மட வீட்டுச் சொல். இந்தச் சாமானுக்கு நாலு காலும் இல்ல, அடியில இரும்புச் சட்டம்தான்.

> எழுகதிரை, உண்கலம் மாதிரி வினைத்தொகை

யாழ்ப்பாணத்துத் தங்கச்சி சொன்ன இது நல்ல வழி. கலம் உண்ணாது, அதில நாம உண்ணுறம், அதுபோல கதிரையால நாம எழும்புறம். ஆனா எழுதிப் பாருங்க, எழுகதிர் எண்டா விடியச் சூரியன், அதோட ஐ சேந்தாலும் எழுகதிரைதான். "எழுகதிரைப் பார்த்தேன்" எண்டு எழுதினா எதப் பாத்தது எண்டு வாசிக்கிறவன் என்னெண்டு அறியிறது? அதனாலதான் எழும்புகதிரை எண்டுறன். எழுப்புகதிரை எண்டா எல்லாத்தையும் கதிரையே செய்யிற மாதிரி, நித்திரையால எழுப்புற நினைப்பும் வருது. எழும்பு எண்டா செய்யிறது ஆள். அம்மாவும் பக்கத்து வீட்டாக்களுக்கு "என்ட எழும்புற கதிரை" எண்டுதான் காட்டுவா.

ரிமோட்டில இங்கிலீஷ் எழுத்து அவவுக்கு விளங்கல்ல, பிளாஸ்டர் ஒட்டி மார்க்கரால எழும்பு, இரி எண்டு எழுதியிருக்கன். கால் நீட்டிச் சாயிற மூணாம் பட்டனுக்கு "சாய்" போதுமா? சாய் எண்டா விழுத்து எண்டும் வருமே, வேற சொல் இருந்தா எழுதுங்க, அது வரைக்கும் அந்தப் பட்டன் வெறும் பிளாஸ்டரோட கிடக்கு.