நியாண்டர்தால் மண்டை ஓட்டின் மேல் முகம் பிடிப்பது எப்படி?

சுதைக்காரன், குடியாத்தம்:
கோயில் சுதை வேலை என் தொழில். பாரதம் வைக்கிற ஊர்களில் படுகளத்துக்குத் தரையில் மண்ணால் துரியோதனனும் போடுவேன். இப்போது ஒரு கண்காட்சிக்கு நியாண்டர்தால் (அழிந்துபோன பழைய மனித இனம்) முகம், ஆள் அளவில் வேண்டுமாம். 1908-இல் பிரான்ஸில் லா ஷப்பெல்-ஓ-சான் குகையில் கிடைத்த கிழவனுடைய மண்டை ஓட்டின் பிளாஸ்டர் நகல் தந்திருக்கிறார்கள். சாமி முகம் என்றால் நெற்றி, மூக்கு, மூக்குக்குக் கீழே மூன்றும் சம பாகம்; கை தானாகப் போகும். இதில் அந்தக் கணக்கு எங்கேயும் உட்காரவில்லை. புருவ மேட்டைத் தாண்டினால் நெற்றி பின்னால் சாய்கிறது. முகவாய்க்கட்டையே இல்லை! மூக்கு, உதட்டை எதை வைத்து முடிவு பண்ணுவது? ஏரிக் களிமண் ஆகுமா?

கரிகிரி மண்கை:
ஏரி மண் வேண்டாம்ணே. காயக் காயச் சுருங்கும், உள்ளே ஓடு சுருங்காது. கன்னம் பாளமாக வெடிக்கும். படுகளத்துக்கு ஒரு நாள் நின்றால் போதும், இது அப்படியா? காயாத எண்ணெய்க் களிமண்ணில் பிடித்து, அச்சு எடுத்து, ஃபைபரில் போடுங்க.

எலும்பு டீச்சர், வேலூர்:
ஓட்டில் குறித்த இடங்களில் ரப்பர் துண்டுகளை நட்டு, சதையின் கனத்தைக் காட்டுவார்கள். நெற்றியில் நாலைந்து மி.மீ., கன்னத்தில் சுமார் 20. பிறகு பொட்டுத் தசை, மெல்லும் தசை, வாயைச் சுற்றிய தசை என்று ஒவ்வொன்றாக வைத்து, கடைசியில்தான் தோல். இங்கிலாந்தின் மான்செஸ்டரில், மண்டை ஓட்டை வைத்து முகம் பிடிக்கும் கலைஞர் ரிச்சர்ட் நீவ் செய்த முறை இது. மூக்கெலும்புத் துவாரத்தின் அகலம், மூக்கின் முழு அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் இதெல்லாம் இன்றைய மனிதர்களை அளந்து வந்தவை. நியாண்டர்தாலின் சதையை அளந்தவர் யாருமில்லை. உங்கள் கிழவருக்குக் கடைவாய்ப் பற்கள் பலவும் உயிரோடிருக்கும்போதே விழுந்துவிட்டன. அதனால் கன்னம் ஒட்டியிருக்கட்டும். காதுக்கு ஓட்டில் அளவே கிடையாது, முடியால் மூடிவிடலாம்.

சுதைக்காரன், குடியாத்தம்:
நன்றிம்மா. ஒட்டிய கன்னம் என்றதும் முகம் கொஞ்சம் பிடிபடுகிறது. துரியோதனனுக்கு மீசை முறுக்கிய கை, இவருக்கும் முறுக்கப் பார்க்கிறது, அடக்கி வைத்திருக்கிறேன். கண்ணுக்கு என்ன அளவு?

எலும்பு டீச்சர், வேலூர்:
விட்டம் 24 மி.மீ. பக்கம். பெரிய கோலிக்குண்டே போதும். கண்குழியின் வெளி விளிம்பைவிட முன்னால் துருத்த வேண்டும், உள்ளே புதைத்துவிடாதீர்கள்.