மறு: பதுங்கி, கொல்லாமல் ஆடுவதற்கு என்ன சொல்?

அன்பின் குழுவினருக்கு,

கணினி விளையாட்டுகளைத் தமிழாக்கும்போது, எதிரியின் கண்ணில் படாமலும் எவரையும் கொல்லாமலும் ஆடும் முறைக்கு ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு அக்கா எழுதிய யோசனை:

> 'பதுங்காட்டம்' என்று வைத்துக்கொள்வோமே. சின்னச் சொல், பொத்தானிலும் அடங்கும். கொல்லாமை அதற்குள் தானாக வந்துவிடும்.

பொத்தானில் அடங்கும் அக்கா, அதில் எனக்கு மறுப்பில்லை. கொல்லாமைதான் அதற்குள் அடங்காது. இருட்டில் காத்திருந்து கழுத்தை அறுப்பவனும் பதுங்குகிறவன்தான். மாறாக, பட்டப்பகலில் வாசலால் நடந்துபோய், காவற்காரனோடு கதைத்துச் சமாளித்து உள்ளே நுழைகிறவன் எவரையும் கொல்வதில்லை, பதுங்குவதுமில்லை. ஒரே ஆட்டக்காரர் இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பது வழக்கமாகிவிட்டதால் நாமும் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிக்கப் பார்க்கிறோம்.

விளையாட்டுகளே இவற்றைப் பிரித்துத்தான் எண்ணுகின்றன. 2011 இல் வந்த 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவலூஷன்' ஒரு பணியை எவர் கண்ணிலும் படாமல் முடித்தவருக்கு 500 அனுபவப் புள்ளிகள் கொடுக்கிறது. அபாய மணி ஒலிக்காமல் முடித்தால் அதற்குத் தனியாக 250. முழு ஆட்டத்தையும் எவரையும் கொல்லாமல் முடித்தால் கிடைக்கும் விருது வேறு. கைக்கெட்டும் தூரத்தில் வந்த எதிரியைக் கொன்றால் 30 புள்ளிகள், மயக்கிப் போட்டால் 50. கண்ணில் படாமை, மணி ஒலிக்க விடாமை, கொல்லாமை என்று மூன்று கணக்குகள் ஓடுகின்றன. 'பதுங்காட்டம்' என்று எழுதிவிட்டால் அது எந்தக் கணக்கு என்று ஆடுகிறவர் எப்படி அறிவார்?

அந்த விளையாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலிலிருந்து ஓர் உயிரையும் எடுக்காமல் வந்தவரையும் அது இடையிடையே ஒரு பெரிய எதிரியோடு அடைத்துவைத்துக் கொல்லச் செய்தது. அந்தக் கொலைகளை விருதுக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துச் சமாளித்தார்கள். ஆட்கள் விடாமல் குறைசொன்ன பிறகு, 2013 இல் வந்த திருத்திய பதிப்பில் அந்தச் சண்டைகளுக்கு வேறு வழிகளும் சேர்க்கப்பட்டன. ஆடும் முறைக்கு ஒரு தெளிவான பெயர் இருந்தால்தான் அதை மீறும்போது ஆட்டக்காரர் சண்டைக்கு வரலாம். பெயரில்லாத உரிமையை எவரும் கேட்பதில்லை.

குழுவில் விளையாடாதவர்களும் இருப்பதால் ஒரு விளக்கம். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது புதிதல்ல: மறிப்பவரின் கை படாமல் கோடு கடப்பதுதான் கெட்டித்தனம், அவரை விழுத்துவது அல்ல. ஆனால் பாத்திரமேற்பு விளையாட்டில், அதாவது ஒரு பாத்திரமாக நின்று அதை வளர்த்துக்கொண்டே ஆடும் வகையில், ஒரு சிக்கல் உண்டு. அங்கே பாத்திரம் வளர்வது அனுபவப் புள்ளியால். பெரும்பாலானவற்றில் அந்தப் புள்ளி கொல்வதால் வருகிறது. கொல்லாதவர் வளராமலே கடைசிக் கட்டத்துக்குப் போய் அடிவாங்குவார். ஆகவே இந்த ஆட்டமுறை, விளையாட்டைச் செய்தவர்கள் புள்ளிக்கு வேறு வழி திறந்துவிட்டால்தான் உயிர்வாழும். 2000 இல் வந்த முதல் 'டியூஸ் எக்ஸ்' அதைச் செய்தது: பணியை முடித்ததற்கும் ஒளிந்த இடங்களைத் தேடிக் கண்டதற்கும் புள்ளி, கொன்றதற்கு இல்லை. 2015 இல் வந்த 'அண்டர்டேல்' இன்னும் குறும்புக்காரத்தனமானது. எவரையும் கொல்லாதவர் கடைசிவரை முதல் நிலையிலேயே நிற்பார். திரையில் காட்டும் ஈ.எக்ஸ்.பி. என்ற மூன்றெழுத்தை நாம் எல்லோரும் அனுபவப் புள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்க, அது கொலைப் புள்ளி என்று முடிவில் சொல்லிவிடுகிறது. அதைத் தமிழில் கொண்டுவரப் போகிறவரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

இனி 'பதுங்கு'. மட்டக்களப்பில் போரைக் கண்ட, நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம் இந்தச் சொல்லைத் தொடங்கிப் பாருங்கள், அவர் 'குழி' என்று முடிப்பார். பத்திரிகை வாசித்து வளர்ந்தவரானால் 'பதுங்கித் தாக்குதல்' என்பார். போன வாரம் வந்த 'கரந்தாட்டம்' அதைவிட மோசம். 'கரந்து' என்றதும் 'கரந்தடி', அதாவது ஒளிந்திருந்து தாக்கும் கெரில்லாப் போர், நினைவுக்கு வரும். இரண்டு வேர்களுக்கும் நம் செய்தித்தாள்கள் முப்பது வருடமாகப் பின்னொட்டுப் போட்டுவைத்திருக்கின்றன, அந்தப் பின்னொட்டு அடிப்பதும் சாவதும். ஒருவரையும் கொல்லாமல் ஆடுவதற்கு அந்த வேரில் சொல் கட்டுவது எனக்கு ஒட்டவில்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது மிகைபோலத் தெரியலாம். சொல் புழங்கப்போவது இங்கும்தான்.

'கரப்பு' என்ற யோசனைக்கு ஒரே வரி: அது வாவியில் மீன் பிடிக்கும் கூடு, அதை மீனவர்களிடமே விட்டுவிடுவோம். 'அரவமிலா ஆட்டம்' நல்ல ஓசை, ஆனால் அரவம் பாம்புமாகும். தவிர, அது சத்தத்தை மட்டும் சொல்கிறது. 'உயிர்விடு ஆட்டம்' என்று எழுதிய நண்பருக்கு, எதிரியின் உயிரை விட்டுவிடுவதாக நினைத்தது விளங்குகிறது. வாசிப்பவருக்கு ஆடுகிறவர் செத்துப்போவதாக விளங்கும்.

'ஒளிநடை' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒளித்தலும் ஒளி, வெளிச்சமும் ஒளி. 1998 இல் வந்த 'தீஃப்' விளையாட்டில் திரையின் அடியில் ஒரு கல் இருக்கும். நீங்கள் விளக்கடியில் நின்றால் அது மின்னும், இருட்டுக்குள் போனால் மங்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். தரையும் காட்டிக்கொடுக்கும்: உலோகத் தகட்டிலும் பளிங்கிலும் காலடி கேட்கும், கம்பளத்தில் கேட்காது. மிகக் கடினமான நிலையில் மனிதர்களைக் கொன்றால் பணியே தோல்வி. அந்தக் கல்லுக்கு 'ஒளிமானி' என்று பெயர் வைத்தால் இரண்டு பொருளும் ஒன்றாக வந்து உட்காருகின்றன, அது அளப்பது வெளிச்சத்தை, சொல்வது ஒளிவை. அதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். நடைக்கு வேண்டாம், 'ஒளிநடை' என்றால் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் முன்மொழிவு 'மறைநடை'. நடை என்பது கால் நடப்பதும் ஆகும், ஒருவரின் பாணியும் ஆகும். இங்கே இரண்டும் தேவை. கொலையைத் தவிர்ப்பதற்கு அதோடு ஒட்டாமல் 'கொல்லா ஆட்டம்'. இரண்டையும் சேர்த்து ஆடுபவர் 'மறைநடையில் கொல்லா ஆட்டம்' ஆடுகிறார்.

'கொல்லாமை' என்றே வைக்கலாமே என்று கேட்டவருக்கு: அது குறளில் ஓர் அதிகாரம், அறத்தின் பெயர். விளையாட்டு மனசைப் பார்ப்பதில்லை, கணக்கைப் பார்க்கிறது. 2012 இல் வந்த 'டிஸ்ஹானர்ட்' இல் காவலாளியை மயக்கிக் கிடத்திவிட்டு நீங்கள் நல்ல பிள்ளையாகப் போய்விடலாம். பின்னால் எலிக்கூட்டம் வந்து அவனைத் தின்றுவிட்டால் அது உங்கள் பெயரில் கொலை. தண்ணீருக்குள் போட்டால் மூழ்கிச் சாவான், அதுவும் உங்களுடையது. கொலைகள் கூடக்கூட நகரத்தில் எலியும் நோயும் கூடும், முடிவும் இருண்டதாக மாறும். ஆகவே பணி முடிந்த பிறகு வரும் கணக்குத் திரையில் 'உயிர்ச்சேதமின்றி' என்று போடுவோம். விபத்துச் செய்தியில் தினமும் வாசிக்கும் சொல், அறத்தைப் பேசாமல் விளைவை மட்டும் சொல்லும்.

மயக்குவதற்கு 'வீழ்த்தல்' வேண்டாம், 'பதுங்கு' போல அதுவும் சாவையே நினைவூட்டும். 'மயக்கிக் கிடத்தல்' போதும். அம்பாறைப் பக்கம் யானைக்கு மயக்க ஊசி போட்டார்கள் என்றால் யானை செத்ததாக எவரும் நினைப்பதில்லை. அந்த ஊசியை விளையாட்டிலும் 'மயக்க ஊசி' என்றே எழுதலாம்.

கடைசியாக, எவர் கண்ணிலும் படாமல் முடித்தவருக்கான பட்டம். என் மனதில் இருப்பது 'அசுமாத்தமின்றி'. அசுமாத்தம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சில், ஆள் இருப்பதைக் காட்டும் சிறு அசைவு அல்லது சத்தம். பேச்சுச்சொல்லைக் கலைச்சொல்லாக்குவதா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் காரைதீவுக்காரர். கிழக்கிலிருந்து சொல் விவாதம் கிளம்புவது ஒன்றும் அதிசயமில்லை.

அன்புடன்,
கல்லடியிலிருந்து

*

தம்பி,

'மறைநடை' பிடித்திருக்கிறது. என் மகள் உடனே கேட்டாள், "மறைமாவட்டம் மாதிரியா வாப்பா?" என்று. மறை என்றால் வேதம் என்று எடுக்கிறவர்களும் இருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

அசுமாத்தத்தை மட்டும் நீங்கள் தவறான இடத்தில் செலவழிக்கிறீர்கள். எதிரி உங்களைக் கண்டுபிடிக்கும் முன்னால் ஒரு நிலை இருக்கிறது அல்லவா? ஏதோ அசைந்தது போலிருக்கும், தலைக்கு மேலே ஒரு குறி மெதுவாக நிறையும், காவற்காரன் "யாரது?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வருவான். இன்னும் காணவில்லை, ஆனால் சும்மாவும் இல்லை. அதற்கு மொழிபெயர்ப்புக் கோப்பில் 'சந்தேகநிலை' என்று போட்டுவைத்திருக்கிறார்கள், பொலிஸ் நிலைய வாடை அடிக்கிறது. அந்த அரைகுறை உணர்வுக்குத்தான் நாம் அசுமாத்தம் என்கிறோம். ஆளை நேரே கண்ட பிறகு எவரும் அசுமாத்தம் தெரிந்தது என்று சொல்வதில்லை.

பட்டத்துக்கு 'கண்படாமல்' போதும். தமிழ்நாட்டில் உள்ளவருக்கும் விளங்கும். கண்ணூறு என்று எடுப்பார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன். எடுத்தால் எடுக்கட்டும், பிழையில்லை.

'கிடத்தல்' சரி. மையத்தையும் (சடலத்தையும்) கிடத்துவோம் என்று எவராவது சொல்வார்கள். முன்னால் 'மயக்கி' நிற்கும்வரை பயமில்லை, பொத்தானில் இடமில்லை என்று அதை வெட்டிவிடாமல் இருந்தால் சரி.

சம்மாந்துறையிலிருந்து

*

காக்கா,

அசுமாத்தம் நீங்கள் சொன்ன இடத்துக்கே போகட்டும். நிறையும் குறிக்கு 'அசுமாத்த மானி', முழுதாக நிறைந்தால் 'கண்டுவிட்டான்'. பட்டம் 'கண்படாமல்'.

மறைமாவட்டத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். 'மறைமுகம்' என்று தினமும் எழுதுகிறோம், எவரும் அதை வேதத்தின் முகம் என்று வாசிப்பதில்லை.

பொத்தானில் 'மயக்கு' என்று மட்டும் போட்டு, விளக்கக் குறிப்பில் 'மயக்கிக் கிடத்தல்' என்று விரிக்கிறேன். வெட்ட வேண்டி வந்தால் 'கிடத்தல்' போகும், 'மயக்கு' நிற்கும். பெரிய எதிரிக்கு நம்மிடம் இன்னும் சொல் இல்லை. 'தலையாளி' என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அதை வேறு இழையில் எடுப்போம், இங்கே கலக்க வேண்டாம்.

கல்லடியிலிருந்து